மூடின வேனுக்குள்ளே அடுப்பு வேண்டாம்

வளையமாதேவி மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்



சேமிப்பு, சந்தா, உள்கடன் வசூல், வங்கித் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. கூட்டப் பொருள்ல கடைசியா ‘சுற்றுலா’ன்னு இருக்கு. சம்பா அறுவடை முடிஞ்சதும் ரெண்டு வேன் பிடிச்சு பழனி, கொடைக்கானல், மதுரைன்னு மூணு நாள் போய்ட்டு வரணும்னு ஆறு குழுவும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். வருஷம் முழுக்க நாற்றங்கால், களை, நூறு நாள் வேலை, மாடு, புள்ளைங்கன்னு ஓடுறவங்க மூணு நாள் ஊரை விட்டுப் போய் மூச்சு விட்டுட்டு வரட்டும். அதுக்கு யாரும் தடை சொல்லப் போறதில்லை.

நான் நின்னு பேச வந்தது செலவுக் கணக்குல உள்ள ரெண்டு வரிக்காக. ஒண்ணு, ‘சமையல் சிலிண்டர் 1, அடுப்பு 1, வேனில் எடுத்துச் செல்ல’. இன்னொண்ணு, ‘கொடைக்கானலில் இரவு வேனிலேயே தங்கல், குளிருக்கு அடுப்பு’. ரூம் வாடகை மிச்சம், ஹோட்டல் செலவு மிச்சம். சிக்கனமா யோசிச்சிருக்கீங்க, அது தெரியுது. ஆனா இந்த ரெண்டு வரியையும் அப்படியே விட்டுட்டு என்னால பஸ் ஏற முடியாது. அதனால கொஞ்ச நேரம் பொறுமையா கேளுங்க. தண்ணி குடிக்கிறவங்க குடிச்சுட்டு வாங்க.

முதல்ல வேனுக்குள்ள படுத்துத் தூங்குற விஷயம். 2024 டிசம்பர் 23-ஆம் தேதி, கேரளாவுல கோழிக்கோடு மாவட்டம் வடகரை பக்கத்துல ரோட்டோரமா ஒரு கேரவன் நின்னுக்கிட்டே இருந்தது. கேரவன்னா படுக்கை, ஏ.சி. எல்லாம் வச்ச வீடு மாதிரி வண்டி. சினிமா ஷூட்டிங் இடத்துல பார்த்திருப்பீங்க. ரொம்ப நேரமா நகராம நிக்குதேன்னு சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தா, உள்ளே வண்டியில வேலை பார்த்த ரெண்டு பேரும் இறந்து கிடந்தாங்க. அடிதடி இல்லை, விஷம் குடிக்கலை. ஏ.சி. ஓடுறதுக்காக ஜெனரேட்டரைப் போட்டுட்டு, கதவை மூடிக்கிட்டுத் தூங்கியிருக்காங்க. ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடுங்கிற வாயு வண்டித் தரையில இருந்த ஓட்டை வழியா உள்ளே ஏறிடுச்சு. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில ஜெனரேட்டரை ஓட விட்டு அளந்து பார்த்தாங்க. ரெண்டு மணி நேரத்துல, பத்து லட்சம் பங்கு காத்துக்கு 957 பங்கு அந்த விஷ வாயு சேர்ந்துடுச்சு. எட்டு மணி நேரம் மனுஷர் சுவாசிக்கிற காத்துல ஒன்பது பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. ஒன்பது எங்கே, தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு எங்கே!

அது ஜெனரேட்டர், நம்ம கேஸ் அடுப்பு அப்படி இல்லையேன்னு நினைக்கலாம். அப்போ 2020 ஜனவரியில நடந்ததைக் கேளுங்க. கேரளாவிலிருந்து 15 பேர் நேபாளத்துக்குச் சுற்றுலா போனாங்க. திரும்பி வர்ற வழியில டாமன்ங்கிற மலை ஊர்ல தங்கினாங்க. நல்ல குளிர். எடுத்தது நாலு ரூம். ஆனா கேஸ் ஹீட்டர் வச்ச ஒரே ரூம்ல எட்டு பேர் சேர்ந்து படுத்துட்டாங்க. ஜன்னல், கதவு எல்லாம் உள்ளே தாழ்ப்பாள். காலையில கதவைத் தட்டினா பதில் இல்லை. காட்மாண்டுவுக்கு ஹெலிகாப்டர்ல கொண்டு போயும் எட்டு பேரையும் காப்பாத்த முடியலை. அதுல நாலு பேர் சின்னக் குழந்தைங்க. அவங்க படிக்காதவங்க இல்லை, வசதி இல்லாதவங்களும் இல்லை. குளிருக்கு அடக்கமா எல்லாரும் ஒண்ணா படுப்போம்னு நினைச்சாங்க. நாமளும் அப்படித்தானே நினைப்போம்?

நாம போகப் போற கொடைக்கானல்லயே நடந்திருக்கு. 2024 ஆகஸ்ட்ல சின்னப்பள்ளம் பக்கத்துல தங்கின திருச்சி இளைஞர்கள் கறி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்காக ரூம் உள்ளேயே வச்சுட்டுத் தூங்கிட்டாங்க. ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

ஏன் இப்படி ஆகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா, நான் ஒவ்வொண்ணா ‘செய்யாதீங்க, செய்யாதீங்க’ன்னு சொல்ல வேண்டியதில்லை. எந்த நெருப்பும் எரியக் காத்து வேணும். ஒரு கிலோ கேஸ் முழுசா எரியணும்னா 12 கன மீட்டருக்கு மேல காத்து தேவைப்படும். நாம பிடிக்கிற டெம்போ வேன் உள்ளே, சீட்டையும் ஆளையும் கழிச்சுட்டா, மொத்தமா இருக்கிற காத்தே ஏறக்குறைய அவ்வளவுதான். அதே காத்தைத்தான் பதினைஞ்சு இருபது பேர் மூச்சும் இழுக்குது. கண்ணாடியை ஏத்தி மூடிட்டா புதுக் காத்து வராது. பிராணவாயு குறையக் குறைய, அடுப்பு சரியா எரியாது. நீலமா எரிஞ்ச சுவாலை மஞ்சளாகும், பாத்திரத்து அடியில கரி பிடிக்கும். அந்த நேரத்துல உண்டாகுறதுதான் கார்பன் மோனாக்சைடு.

இதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. அதுதான் இதுல மோசம். விறகு அடுப்புப் புகை நம்மைத் திட்டி வெளியே துரத்திடும். இது தாலாட்டித் தூங்க வச்சுடும். நம்ம ரத்தத்துல பிராணவாயுவைத் தூக்கிக்கிட்டுப் போற சிவப்பணு இருக்கு பாருங்க, ஆஸ்பத்திரியில ‘ஹீமோகுளோபின் 8 தான் இருக்கு, கீரை சாப்பிடு’ன்னு சொல்வாங்களே, அந்த ஹீமோகுளோபின்தான். அது பிராணவாயுவைப் பிடிச்சுக்கிறதை விட 200 மடங்குக்கு மேல பலமா இந்த விஷ வாயுவைப் பிடிச்சுக்கும். பஸ்ல சீட்டை எல்லாம் வேற ஆள் பிடிச்சுட்ட மாதிரி, பிராணவாயுவுக்கு இடம் இல்லாமப் போயிடும். காத்து இருந்தும் உடம்புக்குப் போய்ச் சேராது. நம்ம பகுதியில ரத்தசோகை உள்ள பொம்பளைங்க எத்தனை பேர்னு கிராம செவிலியரைக் கேட்டுப் பாருங்க. அவங்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வயித்துல உள்ள குழந்தைக்கும், கைக்குழந்தைக்கும் இது இன்னும் சீக்கிரம் ஆபத்து.

அறிகுறி என்னன்னா, முதல்ல தலைவலி, அப்புறம் தலை சுத்தல், குமட்டல், அசதி. ‘மலைப்பாதை ஒத்துக்கலை’, ‘பித்தம்’னு நினைச்சு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துட்டுப் படுத்துடுவோம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க: ஒரே இடத்துல இருக்கிற ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலை வலிச்சா, வெளியே வந்தா சரியாகி உள்ளே போனா மறுபடி வலிச்சா, அது பித்தம் இல்லை. உடனே எல்லாரும் வெளியே வரணும். தூங்குறவங்களுக்கு இந்த எச்சரிக்கைகூட கிடைக்காது.

பெரியவங்க நிறைய பேர் இங்கே இருக்கீங்க. நெய்வேலியில தயார் பண்ணின ‘லெக்கோ’ கரி ஞாபகம் இருக்கா? பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்திக் கட்டி கட்டியா விற்பாங்க. புகையே வராது, பாத்திரம் கறுக்காது, நல்லா நின்னு எரியும்னு பேர். கேஸ் வர்றதுக்கு முன்னாடி எத்தனையோ வீட்டுல அதுதான் எரிஞ்சது. புகை இல்லாத கரி நல்ல கரின்னு நமக்கு அப்பவே மனசுல பதிஞ்சுடுச்சு. ஆனா புகை இல்லைன்னா விஷ வாயு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. கனகனன்னு சிவந்து கிடக்கிற கரித்துண்டு, புகையே இல்லாம, நெருப்பே தெரியாம கார்பன் மோனாக்சைடை விட்டுக்கிட்டே இருக்கும். பார்க்கப் போனா கேஸ் அடுப்பை விடக் கரிச் சட்டி இதுல மோசம்.

சுற்றுலாவை விட்டு ஒரு நிமிஷம் வெளியே வர்றேன், ஏன்னா இதை இங்கே சொல்லலைன்னா வேற எங்கே சொல்றது? பிள்ளை பெத்தவளை நம்ம வீடுகள்ல எப்படி வச்சிருக்கோம்? காத்து படக் கூடாது, சில்லுன்னு ஆயிடும்னு ஜன்னலைத் துணியால அடைச்சு, கதவைச் சாத்தி வைக்கிறோம். தலைக்கு ஊத்தினதும் கரியைக் கனிய வச்சு சாம்பிராணி போட்டு தாய்க்கும் குழந்தைக்கும் காட்டுறோம். மழைக்காலம்னா அந்தச் சட்டியைக் கதகதப்புக்காகக் கட்டிலுக்கு அடியிலயே வச்சுடுறோம். அந்த ரூம்ல படுத்திருக்கிறது யாரு? ரத்தம் போய் வெளுத்துப் போன தாயும், பிறந்து பத்து நாள் ஆன குழந்தையும். சாம்பிராணி போடக் கூடாதுன்னு நான் சொன்னா மாமியார்மார்கள் என்னை அடுத்த கூட்டத்துக்கு விட மாட்டீங்க. முடியைக் கூடத்துல, கதவு திறந்த இடத்துல காய வைங்க. காட்டி முடிச்ச உடனே சட்டியை வாசலுக்கு வெளியே கொண்டு போய் தண்ணி ஊத்தி அணைச்சுடுங்க. குழந்தை படுக்குற ரூம்ல கரி இருக்க வேண்டாம், புகையும் வேண்டாம். கொசுவுக்கு மூட்டம் போடுறவங்களுக்கும் இதே பேச்சுதான்.

இப்போ ரெண்டாவது வரிக்கு வருவோம், வேன்ல சிலிண்டர் எடுத்துட்டுப் போறது. நீங்க மதுரைக்கும் போறீங்க. அங்கே ரயில் நிலையத்துல 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி விடியற்காலை அஞ்சேகால் மணிக்கு நடந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். உத்தரப் பிரதேசத்துல லக்னோவிலிருந்து கோயில் கோயிலா பார்க்க வந்த யாத்திரைக் குழு. தனியா ஒரு ரயில் பெட்டியையே வாடகைக்கு எடுத்திருந்தாங்க. நாகர்கோவில்ல சாமி கும்பிட்டுட்டு மதுரைக்கு வந்து, பெட்டியைக் கழட்டித் தனியா நிறுத்தியிருந்தாங்க. விடிஞ்சதும் டீ போடலாம்னு, தெரியாம உள்ளே கொண்டு வந்திருந்த சிலிண்டர்ல அடுப்பைப் பத்த வச்சாங்க. பெட்டி முழுக்கத் தீ. ஒன்பது பேர் போயிட்டாங்க. அவங்களும் நம்மளை மாதிரி, வெளிச்சாப்பாடு ஒத்துக்காது, செலவும் ஆகும், நாமளே பொங்கிக்கலாம்னு கிளம்பினவங்கதான்.

ரயில்ல சிலிண்டர் கொண்டு போறது சட்டப்படி குற்றம். ரயில்வே சட்டத்துல மூணு வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கு. ‘நாங்க வேன்லதானே போறோம்’னு பின்னாடியிருந்து ஒரு அக்கா சொல்றாங்க. நியாயமான கேள்வி அக்கா. நெருப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாதே! ரயில் பெட்டியிலயாவது நாலு கதவு இருக்கு. வேன்ல ஏறி இறங்க ஒரே கதவு. அதுக்குப் பக்கத்துலதான் வழக்கமா அரிசி மூட்டையையும் அடுப்பையும் ஏத்துறோம்.

கேஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு பாருங்க. நம்ம சிலிண்டர்ல இருக்கிறது புரொப்பேன், பியூட்டேன்னு ரெண்டு வாயுவோட கலவை. அழுத்தி அழுத்தித் தண்ணியா மாத்தி அடைச்சிருக்காங்க. ஒரு டம்ளர் திரவம் வெளியே வந்தா சுமார் 250 டம்ளர் வாயுவா விரியும். இது காத்தை விடக் கனம், மேலே போகாது. தண்ணி மாதிரி தரையில பரவி, பள்ளத்துல போய் நிக்கும். வேன்ல ஜன்னல் எங்கே இருக்கு? இடுப்புக்கு மேலே. கேஸ் எங்கே நிக்கும்? சீட்டுக்கு அடியில, பைகளுக்கு நடுவுல. ஜன்னல் திறந்துதானே இருக்குன்னு நம்பி உட்கார்ந்திருப்போம். காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கேஸ் கலந்தாலே ஒரு பொறி போதும். டிரைவர் சாவி திருப்பினாலும் பொறிதான், யாராவது பீடி பத்த வச்சாலும் பொறிதான்.

கேஸுக்கு இயற்கையா வாசனையே கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு மெர்காப்டன்கிற நாத்தம் பிடிச்ச பொருளைச் சேர்த்துத்தான் அனுப்புறாங்க. ஆனா கொஞ்ச நேரம் அந்த வாசனையிலயே இருந்தா மூக்கு பழகிடும். மல்லிப்பூ, டீசல், புளிச்ச மாவு வாசனை எல்லாம் கலந்த வேனுக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது? இன்னொண்ணு, வேன்ல இடம் இல்லைன்னு சிலிண்டரைப் படுக்க வச்சு உருளாம கல் கொடுக்கிறாங்க. சிலிண்டரை எப்பவும் நிக்க வைக்கணும். படுக்க வச்சா வாயுவுக்குப் பதிலா திரவமே குழாய்க்கு வந்துடும். அப்போ பத்த வச்சா அது அடுப்பா இருக்காது, தீப்பந்தம்.

குளிர் ஊர்ல இன்னொரு தொந்தரவு உண்டு. பியூட்டேன் திரவத்திலிருந்து வாயுவா மாறக் கொஞ்சம் சூடு வேணும். ரொம்பக் குளிரா இருந்தா கேஸ் மெதுவாத்தான் வரும், சிலிண்டர் மேல வியர்த்துப் பனி பிடிச்ச மாதிரி இருக்கும். உடனே சமையல்காரர் சிலிண்டரைக் கொதிக்கிற தண்ணியில வைக்கிறது, பக்கத்துல நெருப்பு மூட்டிச் சூடு பண்றதுன்னு வித்தை காட்டுவாங்க. காத்துக்கு மறைப்புன்னு அடுப்பையும் சிலிண்டரையும் சேர்த்துத் தகரத்தால சுத்தி அடைக்கிறவங்களும் உண்டு. அடுப்புச் சூடெல்லாம் சிலிண்டர் மேலயே இறங்கும். இந்த வித்தை எதையும் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்காதீங்க.

வெளிநாட்டுல வண்டியையே வீடாக்கிக் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்குறாங்களேன்னு டிவி பார்க்குற பொண்ணுங்க கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவுல காருக்குப் பின்னாடி கட்டி இழுக்கிற வீட்டு வண்டிகள் ஏராளம், குளிர் காலத்துல புரொப்பேன் கேஸ்லதான் சூடு பண்றாங்க. அங்கே சிலிண்டர் வண்டிக்கு வெளியே, முன்பக்கக் கொக்கி மேல நிக்கும். ஆள் படுக்குற இடத்துல வைக்கவே மாட்டாங்க. ஹீட்டரோட நெருப்பு எரியுறது மூடின இரும்புப் பெட்டிக்குள்ள. எரியத் தேவையான காத்தை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விட்டுடும். உள்ளே வர்றது சூடு மட்டும். கேஸ் கசிஞ்சா கத்துற கருவி தரையோரமா இருக்கும், விஷ வாயு சேர்ந்தா கத்துற கருவி படுக்கைப் பக்கம் இருக்கும். இவ்வளவும் இருந்தும், ‘சமையல் அடுப்பைப் பத்த வச்சுக் குளிர் காயாதே’ன்னு அங்கேயும் எச்சரிக்கிறாங்க. நம்ம கையில இருக்கிறது திறந்த பர்னர். புகைபோக்கி இல்லை, கத்துற கருவி இல்லை. 2021-லிருந்து கேரள அரசு கேரவன் சுற்றுலாவை ஊக்குவிக்குது. நம்ம பக்கமும் இந்த மாதிரி வண்டிகள் வாடகைக்கு வரும். எடுத்தா, ஜெனரேட்டர் எங்கே இருக்கு, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல கேளுங்க. ஏ.சி. போட்டு நிக்கிற சாதாரண வேன்லயும் இஞ்சினை ஓட விட்டுட்டுக் கண்ணாடியை ஏத்தித் தூங்காதீங்க.

சரி, வேண்டாம் வேண்டாம்னே சொன்னா எப்படி, சோத்துக்கு என்ன வழின்னு கேட்பீங்க. முதல் நாளைக்குப் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, மிளகாய்ப்பொடி தடவின இட்லி. நம்ம ஊர்ப் பொம்பளைங்க கட்டுற கட்டுச்சோறு ரெண்டு வேளை தாங்கும். பழனியில மலைக்கோயில்ல அன்னதானம் இருக்கு. மத்த வேளைக்கு மண்டபம் எடுத்தா சமைக்கத் தனியிடம், அங்கேயே அடுப்பு, பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும். டீக்கு ரெண்டு பெரிய பிளாஸ்க் வாங்கிக்குங்க. கொடைக்கானல்ல ஒரு ராத்திரிக்கு ரெண்டு பெரிய ஹால் மாதிரி ரூம் எடுத்து, தலைக்குப் பிரிச்சா ஆகிற கூடுதல் செலவை ஊக்குநர் அக்கா போன்ல விசாரிச்சுக் கணக்கு போட்டுச் சொல்லட்டும். அதுவும் கட்டாதுன்னா என் யோசனை, கொடைக்கானலைப் பகல்ல பார்த்துட்டுப் பொழுது சாயுறதுக்குள்ள பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ இறங்கிடுங்க. கீழே இந்தக் குளிர் இருக்காது. குளிருக்குக் கம்பளி, சாக்ஸ், காதுக்கு மப்ளர். வெந்நீரைக் கெட்டி மூடி உள்ள பாட்டில்ல ஊத்தித் துணி சுத்திக் காலடியில வச்சுக்கிட்டா விடிய விடியக் கதகதப்பு. அதுக்குக் காத்தும் வேண்டாம், புகையும் கிடையாது.

ரூம்ல ஹோட்டல்காரங்க கேஸ் ஹீட்டரோ கரிச் சட்டியோ கொண்டு வந்து கொடுத்தா, ‘வேண்டாம் தம்பி, இன்னும் ரெண்டு போர்வை கொடுங்க’ன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க, காசு கொடுத்துத்தானே தங்குறோம். வெந்நீருக்குக் கேஸ் கீசர் வச்ச குளியலறையா இருந்தா, சின்ன இடம், ஜன்னல் சாத்தியிருக்கும், ரொம்ப நேரம் குளிச்சா அங்கேயும் இதே விஷ வாயுதான். வாளியில பிடிச்சுக்கிட்டு கீசரை அணைச்சுட்டு அப்புறம் குளிங்க.

வீட்டு சிலிண்டரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. 2006-க்குப் பிறகு மாநில அரசு கொடுத்த இலவச அடுப்பும், 2016-ல ஆரம்பிச்ச உஜ்வலா திட்டத்து இணைப்பும் நம்ம குழுக்கள்ல பல வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அடுப்பு வந்தது, ஆனா அதோட டியூபை அன்னிலேருந்து மாத்தாத வீடு எத்தனை? கை தூக்குங்க பார்ப்போம். ம்... பாதிக்கு மேல. டியூபுக்கு ஆயுள் 5 வருஷம்தான். அது மேலேயே தேதி அச்சடிச்சிருக்கும். எலி கடிச்சிருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ 5 வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சந்தையில கூவி விற்கிற பச்சை டியூப் வேண்டாம், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை ஏஜென்சியிலயே வாங்குங்க. சிலிண்டர் கழுத்துப் பக்கம் உள்ள பட்டையில ஏ, பி, சி, டி-ன்னு ஒரு எழுத்தும் ரெண்டு இலக்க வருஷமும் இருக்கும். ஏ-ன்னா ஜனவரியிலிருந்து மார்ச், பி-ன்னா ஏப்ரலிலிருந்து ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலத்துக்குள்ள சிலிண்டரை மறுசோதனை பண்ணணும்னு அர்த்தம். தேதி தாண்டினதைக் கொண்டு வந்தா வாங்காதீங்க. சீல் இருக்கான்னு பார்த்து, எடை போடச் சொல்லி, கசிவு பார்க்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு வர்ற ஏஜென்சிப் பையன் தெருமுனையிலயே இறக்கி வச்சுட்டு ‘எடுத்துக்கங்க அக்கா’ன்னு கிளம்பிடுவான். நான் வண்டிக்குக் குறுக்கே நின்னுதான் சோதிக்க வைக்கிறேன். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணி போதும், குமிழி வந்தா கசிவு. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீட்டுல இருக்கு, கேள்விப்படும்போதே எனக்கு வயித்தைக் கலக்குது.

வீட்டுல கேஸ் நாத்தம் வந்தா லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எது எப்படி இருக்கோ அப்படியே விடுங்க. விளக்கு, ஊதுபத்தி இருந்தா அணைங்க. ரெகுலேட்டரை மூடிக் கழட்டி, நூல் கட்டின மூடியை வால்வு மேல அழுத்திப் போடுங்க. கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து, அங்கேயிருந்து 1906-க்குப் போன் பண்ணுங்க. ராத்திரி பகல்னு இல்லை, எப்பவும் எடுப்பாங்க. யாராவது மூடின ரூம்ல மயங்கிக் கிடந்தா, கதவைத் திறந்து போட்டுட்டு முதல்ல அவங்களை வெளியே திறந்த காத்துக்கு இழுத்துட்டு வாங்க, அப்புறம் 108. மயக்கத்துல இருக்கிறவங்க வாயில தண்ணியோ மோரோ ஊத்தாதீங்க. அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்த ரூம்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட சொல்லுங்க. சொன்னாத்தான் உடனே ஆக்சிஜன் வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். எழுந்து உட்கார்ந்துட்டாங்க, சரியாயிடுச்சுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. டாக்டர் பார்த்தே ஆகணும்.

ஒரு தங்கச்சி இன்சூரன்ஸ் இருக்கான்னு சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. இருக்கு. நம்ம பேர்ல பதிவான கேஸ் இணைப்புக்கு, தனியா பணம் கட்டாமலே எண்ணெய் நிறுவனங்கள் எடுத்த காப்பீடு உண்டு. கேஸ் விபத்துல உயிர் போனா 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருத்தருக்கு 2 லட்சம் வரைக்கும். பொருள் சேதத்துக்கு உள்ள தொகை பதிவான முகவரியில நடந்தாத்தான். விபத்து நடந்தா உடனே ஏஜென்சிக்கு எழுத்துல தெரிவிக்கணும். காவல் நிலையப் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஐ.எஸ்.ஐ. பொருளோட பில் எல்லாம் வச்சிருக்கணும். டியூப் பில்லைப் பாஸ்புத்தகத்தோட சேர்த்து வைங்க.

இப்போ தீர்மான நோட்டை எடுங்க. செலவுக் கணக்குல அந்த ரெண்டு வரியையும் அடிச்சுட்டு, ‘சுற்றுலா வேனில் சிலிண்டர், அடுப்பு, கரி எடுத்துச் செல்வதில்லை, வேனில் இரவு தங்குவதில்லை’ன்னு எழுதி ஆறு குழுவோட பிரதிநிதிகளும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன். ஒத்துக்காதவங்க இருந்தா இப்பவே பேசுங்க, அதையும் நோட்டுல எழுதிக்கலாம். ரூம் வாடகைக்குத் தலைக்கு எவ்வளவு கூடுதல்னு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டு வச்சுடுங்க. டியூப் விஷயத்துக்குக் குழுவுக்கு ரெண்டு பேர் பொறுப்பு எடுத்து வீடு வீடாப் போய்த் தேதி பார்த்து, பேரும் வருஷமும் எழுதிக்கிட்டு வாங்க. மொத்தமா வாங்கினா ஏஜென்சியிலேயே ஆள் அனுப்பி மாட்டித் தரச் சொல்லி நான் பேசுறேன். மாத்த வசதி இல்லாத வீட்டுக்கு உள்கடன்ல கொடுக்கலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, பெரிய தொகை இல்லை. முதல்ல கை தூக்கின அக்கா வீட்டுலேருந்து ஆரம்பிப்போம்.